ஆதிமூலம் கேட்ட இரண்டு மூட்டைப் புழு

எங்கள் களமருதூரில் நெல் விளைவிக்கிறவன் இருக்கிறான், நெல் விற்கிறவன் இருக்கிறான். புழு வளர்க்கிறவன் காசிநாதன் ஒருத்தன்தான். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. தாய் இறாலுக்குத் தீனியாகப் போடும் கடல் புழுக்களைத் தொட்டியில் மணல் பரப்பி வளர்க்க வேண்டும். என் சித்தப்பா மகன், தங்கமான பையன். ஆனால் வாயை மூடத் தெரியாது.

பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் என்ன வேலை என்று கேட்பார்கள். இவன் புழு என்பான். காபி டம்ளர்கள் பாதியில் கீழே இறங்கிவிடும். இந்த இடமும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதனால் தியாகதுருகத்துக்குப் பெண் பார்க்கப் போகும் வழியெல்லாம் தரகர் பிச்சைமுத்து பாடம் நடத்தினார். கேட்டால் கம்பெனி என்று மட்டும் சொல்லு, அதற்கு மேல் மூச்சு விடாதே என்றார்.

பெண் செந்தமிழ்ச்செல்வி. அவள் அப்பா ஆதிமூலம் விவசாயி, லேசில் விடுகிற ஆள் இல்லை. கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார். காசிநாதன் பிச்சைமுத்துவைப் பார்த்தான், மிக்சர் தட்டைப் பார்த்தான். அப்புறம் மடை திறந்துகொண்டது. கரைச் சேற்றிலிருந்து வெயிலே எட்டாத ஆழம் வரைக்கும் அந்தப் புழு இல்லாத கடல் கிடையாதாம். ஐஸ் மிதக்கிற கடலிலும் உண்டு, அடியில் வெந்நீர் கொப்பளிக்கிற இடத்திலும் உண்டு. உடம்பின் இரண்டு பக்கமும் பிரஷ் மாதிரி முள்மயிர். சிலதைத் தொட்டால் கையில் ஏறி எரியும். செத்ததையும் அழுகியதையும் தின்று தீர்க்கும். சேற்றில் வளை தோண்டிக் காற்றோட்டம் கொடுக்கும். மீனும் நண்டும் கரைப் பறவைகளும் அதைத் தின்று வயிறு வளர்க்கின்றன. பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற பெண் மட்டும், சேறு நாறாதா என்று கேட்டாள். புழு இல்லாவிட்டால்தான் ரொம்ப நாறும் என்றான்.

ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் கடலுக்கு ஏர் ஓட்டுவதும் எரு போடுவதும் அதுதானே என்றார். அவருடைய ஏரிக்கரை வயல் மண் இறுகிக் கிடக்கிறதாம். நிச்சயத்துக்குப் பழத்தட்டு குறைந்தாலும் பரவாயில்லை, புழு இரண்டு மூட்டை கொண்டுவந்தால் போதும் என்றார். ரெண்டு என்ன, நாலு மூட்டையே தரலாம் என்று பிச்சைமுத்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கும் உயிர் வந்தது. பேசாமல் தலையாட்டினால் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

காசிநாதன் தலையாட்டவில்லை.

"அதுக்கு உப்புத் தண்ணி வேணுங்க. உங்க வயல்ல வுட்டா செத்துப்பூடுங்க."

பிச்சைமுத்து தட்டைக் கீழே வைத்தார். கேட்ட முதல் பொருளையே இல்லை என்கிறவனுக்குப் பெண்ணா என்பதுபோல ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவன் எழுந்துபோய் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிய விதத்தைப் பார்த்ததும், நானே அதை எடுத்து அவன் காலடியில் வைத்தேன்.

செந்தமிழ்ச்செல்வி கதவோரத்தை விட்டு முன்னால் வந்தாள்.

"புழு இங்க வராதுன்னா வுடுப்பா. நான் அங்க போறேன்."