மூன்று தசம் ஆறு

நான் கணித ஆசிரியன். கோபக்காரன். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன கதி என்று என் எட்டாம் தரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். விடையை எழுதிவிட்டு அலகை எழுதாமல் எவனாவது கொப்பியை நீட்டினால், "முப்பது என்றால் என்னடா? முப்பது வாழைக்காயா?" என்று பக்கத்து வகுப்புக்கும் கேட்கக் கத்துவேன். கண்டிக்கு வந்த நாளிலிருந்து இதையேதான் கத்துகிறேன். அலகை மறக்கிறவன் நாட்டையே மறப்பான் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு திமிர்.

என் அக்கா கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே இன்னும் இருக்கிறாள். லயம் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். பாறையிலிருந்து வரும் ஊற்று ஒரு சின்னத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் வழியாக வந்து விழும். அதைத்தான் பீலி என்போம். பீலியிலிருந்து வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவை இருபது லீற்றர்க் கேனோடு அக்கா அதில் ஏறுவாள். போன வருடம் ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றார்கள். அக்கா சரி சேர் என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே இரண்டு கேன் தண்ணீர் தூக்கினாள். தூக்காமல் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரியா வந்து தூக்கும்?

அப்போதுதான் கண்டியிலுள்ள ஒரு தண்ணீர்த் திட்டக் கந்தோர், நல்ல ஊற்று உள்ள தோட்டங்களுக்கு மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் போட்டுக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டேன். அறுபது வீட்டுக்கும் வாசலில் தண்ணீர். லயத்துக்காரர்கள் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். படித்த ஆள் நான்தானே.

அந்தப் படிவத்தை எழுதிய மகானை நான் ஒருநாளாவது நேரில் பார்க்க வேண்டும். ஊற்றின் பாயும் வீதத்தை முதல் பக்கத்தில் நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று கேட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் செக்கனுக்கு இத்தனை லீற்றர். இணைப்பில் மணித்தியாலத்துக்கு இத்தனை கன மீற்றர். கடைசிப் பக்கத்தில் நாளொன்றுக்கு இத்தனை கன மீற்றர். ஒரே தண்ணீருக்கு நாலு உடுப்பு! வேறொருவன் என்றால் தலையைச் சொறிந்துகொண்டு தூக்கிப் போட்டிருப்பான். எனக்கோ கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்த்தி வைத்ததுபோல் இருந்தது.

பெயின்ட் வாளியைப் பீலியில் வைத்து நானே அளந்தேன். இருபது லீற்றர் நிரம்ப நாற்பது செக்கன். அப்படியென்றால் நிமிடத்துக்கு முப்பது லீற்றர். செக்கனுக்குப் பூச்சியம் தசம் ஐந்து லீற்றர். இதை மணித்தியாலத்துக்குக் கன மீற்றராக மாற்ற மூன்று தசம் ஆறால் பெருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் மூவாயிரத்து அறுநூறு செக்கன், ஒரு கன மீற்றரில் ஆயிரம் லீற்றர், அவ்வளவுதான் விஷயம். ஒன்று தசம் எட்டு வரும். நாளொன்றுக்கு நாற்பத்துமூன்று கன மீற்றருக்கு மேல். அறுபது வீட்டுக்கும் முப்பது கன மீற்றர் போதும். நாலு கட்டத்திலும் அலகோடு எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, உத்தியோகத்தர் ஒருவர் ஊற்றை நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. எனக்குப் பாடசாலையில் பரீட்சை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாளைக்குக் கந்தோர்லேருந்து ஆள் வாறாங்க. நம்ம கஷ்டத்த நல்லா எடுத்துக் காட்டு. கூர விசயத்துல செஞ்சமாதிரி செஞ்சிறாத."

கூரை விஷயம் என்பது பழைய கதை. ஒரு மழைக்காலத்தில், ஒழுகுகிற வீடுகளுக்குப் புதுத் தகரம் கொடுக்கக் கணக்கெடுக்க வந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் வீடு அசிங்கமாக இருக்கக் கூடாது என்று அக்கா முதல் நாளே ஓட்டைகளையெல்லாம் தார் வைத்து அடைத்துவிட்டாள். வந்தவர் அண்ணாந்து பார்த்து, கூரை நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரி இருந்த தகரத்தில் ஒன்றைக் கழற்றி ஒளித்துவிட்டு, எட்டுப் புதுத் தகரம் வாங்கினாள். அன்றைக்கு நான் அக்காவைப் பிடித்துத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. "இல்லாதத இல்லேன்னு காட்டக்கூடத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டேன்.

உத்தியோகத்தர் வந்து போனார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஊற்றின் பாயும் வீதம் மணித்தியாலத்துக்குப் பூச்சியம் தசம் ஐந்து கன மீற்றர். அறுபது வீட்டுக்குப் போதாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பூச்சியம் தசம் ஐந்தா! பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் செக்கனுக்குப் பூச்சியம் தசம் ஐந்து லீற்றர் என்று நான் எழுதியதை அப்படியே தூக்கி மணித்தியாலக் கட்டத்தில் போட்டிருக்கிறான் மடையன். மூன்று தசம் ஆறால் பெருக்கவில்லை. எட்டாம் தரத்துப் பிள்ளை செய்தாலே முட்டுக்கால் போட வைப்பேன். இவன் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறான். என் அக்காவின் முதுகு, ஒருவனுக்குப் பெருக்கத் தெரியாததால் ஒடியப் போகிறது. இதை வெளியில் சொல்ல வெட்கம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இருபது வருடமாக நான் கத்தியதற்கு இதோ சாட்சி என்று தோன்றியது.

கந்தோரின் தலைமைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கூடவே எட்டாம் தரத்துப் பயிற்சி ஒன்றையும் இணைத்து, 'தங்கள் உத்தியோகத்தரின் பயன்பாட்டுக்காக' என்று குறித்தேன். அது போதாது என்று அரைநாள் லீவு போட்டு நேரிலும் போனேன்.

உத்தியோகத்தர் அக்குறணைப் பக்கத்துப் பொடியர். முப்பது வயது இருக்கும். நான் உட்காரவில்லை. நின்றபடியே, மேசைக்கு முன்னால் காத்திருந்த நாலைந்து பேருக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தேன். கன மீற்றர் என்றால் என்ன, லீற்றர் என்றால் என்ன, மணித்தியாலத்தில் எத்தனை செக்கன் என்று எல்லாம் கேட்டேன். "படிச்சிட்டுத்தானா தம்பி இந்தக் கதிரைக்கு வந்தீங்க?" என்றும் கேட்டேன். யாரோ சிரித்தார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது.

அவர் முகம் சிவந்துபோனது. ஆனாலும் சத்தம் போடவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"சேர் எழுதினத நான் பார்க்கவே இல்ல. நானே அளந்த. ஒரு தரம் இல்ல, மூணு தரம். இருவது லீற்றர் வாளி நிரம்ப ரெண்டு நிமிஷம் இருவத்திநாலு செக்கன் போன. கணக்கு கீழ ஈக்கிது, பாருங்கோ."

பார்த்தேன். இருபதை நூற்றுநாற்பத்துநாலால் வகுத்திருந்தார். மூன்று தசம் ஆறால் பெருக்கியிருந்தார். பூச்சியம் தசம் ஐந்து. ஒவ்வொரு வரியிலும் அலகு இருந்தது. அடியில் கோடும் போட்டிருந்தார். என் கையெழுத்தைவிட அழகு.

"நீங்க வேற பீலிய அளந்திருப்பீங்க" என்றேன். குரல் பாதியாகிவிட்டது.

"இல்ல சேர். அங்கின உங்கட சகோதரின்டு ஒரு அக்கா நின்ட. பிளேன்டீ ஊத்தித் தந்த. தண்ணி எப்பவும் இவ்வளவுதானான்டு நான் கேட்ட. எப்பவும் இவ்வளவுதான்டு அவங்கதான் சொன்ன."

நேரே கலஹா பஸ்ஸில் ஏறினேன். பேராதனை தாண்டும்வரை அவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த நினைப்பு நிலைக்கவில்லை. அந்தக் கொப்பியில் பொய் இல்லை. கொப்பி பார்ப்பதுதான் என் தொழில், அது எனக்குத் தெரியும்.

லயத்துக்குப் போவதற்கு முன் பீலிக்கு இறங்கினேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாளி நிரம்ப அதே நாற்பது செக்கன்தான் ஆகும். மேலே ஏறிப் போனபோது அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ஆள் வந்தப்ப தண்ணிக்கு என்னா ஆச்சு?"

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"நான்தான் தம்பி அடைச்சேன். ஒன்னோட பழைய கோடு போட்ட சாரம் ஒன்னு கெடந்துச்சுல்ல, அதச் சுருட்டித் தொட்டிக்குள்ள கொழா வாயில திணிச்சிட்டேன். மிச்சத் தண்ணி எல்லாம் பின்பக்கமா ஓடிருச்சு. அந்த ஐயாவுக்குத் தெரியவே தெரியாது. வாளி நெம்புறதுக்குள்ள மூனு வாட்டி போன்ல நேரத்தப் பாத்தாரு, பாவம்."

"ஏன் அடைச்ச?"

"என்னா தம்பி இப்புடிக் கேக்குற? நீதான கஷ்டத்த நல்லா எடுத்துக் காட்டுன்ன? தண்ணி இம்புட்டுக் கொட்டுறதப் பாத்தா, ஒங்களுக்குத்தான் தண்ணி இருக்கே, மோட்டரு எதுக்குன்னு போயிருக்க மாட்டாரா? கூரைக்கு அப்புடித்தான போனாங்க?" பிறகு ஆவலாகக் கேட்டாள்: "மோட்டரு எப்ப வருதாம்?"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? தகரம் கொடுப்பதென்றால் ஓட்டையைக் காட்ட வேண்டும், மோட்டர் கொடுப்பதென்றால் ஊற்றைக் காட்ட வேண்டும் என்று இந்த மனுசிக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா? நாலு அலகில் மாற்றத் தெரிந்த எனக்கு, இதை ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. கஷ்டத்தைக் காட்டு என்றேன். அவள் நான் சொன்னதைச் செய்தாள், என் சாரத்தை வைத்தே செய்தாள். மோட்டர் வராது அக்கா, தண்ணீர் போதாதென்று எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் அடுப்பு ஊதப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மறுபடி கந்தோர். இந்தத் தடவை உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்லி, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய பயிற்சித் தாள் அவருடைய கோப்பில், கடிதத்தோடு ஊசி குத்தி, பத்திரமாக இருந்தது. அவர் அதை எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்கட உம்மாவும் இப்பிடித்தான் சேர். நிவாரணம் எழுத யாரும் வந்தா நல்ல கதிரைய எல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுற. சரி, இன்னொரு தரம் வாறேன். நீங்களும் நில்லுங்கோ."

அவர் வருவதற்கு முதல் நாள் அக்காவே போன் போட்டாள்.

"தம்பி, இந்த வாட்டி ஒழுங்கா சொல்லு. இருக்குன்னு காட்டணுமா, இல்லேன்னு காட்டணுமா?"

"உள்ளத உள்ளபடி காட்டுக்கா."

"உள்ளபடி காட்டி இதுவரைக்கும் நமக்கு யாரு என்னா குடுத்தா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாள் மூன்று தடவையும் நாற்பது செக்கன். அவர் கணக்கைப் போட்டுவிட்டு, "சேர், ஒருக்கா சரி பார்த்துத் தாங்கோ" என்று கொப்பியை என்னிடம் நீட்டினார். குத்தலா, மரியாதையா, தெரியவில்லை. ஒன்று தசம் எட்டு. சரி என்றேன். திட்டம் கிடைக்கும், ஆனால் மழை விட்டுக் குழாய் வெட்டி முடிய ஐந்தாறு மாதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும், அளந்த தண்ணீரை வீணாக்காமல் அக்கா கேனில் ஊற்றி, தலைக்குத் தூக்கக் குனிந்தாள். நான் பறித்துக்கொண்டேன். மூடி தொலைந்த கேன். வாயில் ஷொப்பிங் பையைச் சுருட்டி வைத்திருந்தது. முப்பதாவது படியில் நின்றேன். ஐம்பதில் உட்கார்ந்தேன். எழுபதில் பை கழன்று விழுந்து, முதுகெல்லாம் நனைந்தது. அக்கா பின்னால் வெறுங்கையோடு, எனக்காக மெதுவாக ஏறி வந்தாள். அவளுக்கு இறங்கி நிரப்பி ஏற இருபது நிமிடம் போதும், நிமிடத்துக்கு ஒரு லீற்றர். எனக்கு ஏறுவதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். கேனில் மிஞ்சியது பதினைந்து லீற்றர் இருக்கலாம். செக்கனுக்குப் பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று லீற்றர். தலை அப்போதும் கணக்குப் போட்டது, பழக்கம் விட்டால்தானே.

வாசற்படியில் விழுந்து மூச்சு வாங்கினேன். அக்கா கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

"பரவால்ல தம்பி, சமையலுக்குக் காணும். நீ இரு, நான் குளிக்கத் தண்ணி கொண்டாந்துர்றேன்."

தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, வெறுங்கேனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேண்டாம் அக்கா என்று சொல்லப் பார்த்தேன். மூச்சு வரவில்லை.