பானையில் ஒரு பிடி

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கலையரசியின் கம்ப்யூட்டர் சென்டர். உள்ளே நுழைந்ததும் அவள் கைப்பட எழுதிய அட்டை கண்ணில் படும்: "காயின் அனுப்பக் கட்டணம் உண்டு. இல்லைன்னு சொல்றவனை நம்பாதீங்க." அந்த அட்டைக்கு அவள் கொடுத்த விலை அறுநூறு ரூபாய். ஒலக்கூர்ப் பக்கம் கூலி வேலை செய்தவர்களின் மகள், விழுப்புரத்துக்கு ரயிலில் போய் வந்து எம்.காம். முடித்தவள், முதன்முதலாக இரண்டாயிரம் ரூபாய்க்கு, போனிலேயே வாங்கி அனுப்புகிற கிரிப்டோ காயின் வாங்கினாள். பத்திரமாகப் போகட்டும் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பினாள். எம்.காம். படித்த புத்தி! தொகை சிறிசோ பெரிசோ, ஒவ்வொரு தடவைக்கும் இருநூறு ரூபாய் தனிக் கட்டணம். ஒரு மூட்டை மல்லாட்டை ஏற்றினாலும் பத்து மூட்டை ஏற்றினாலும் ஒரே வாடகை கேட்கிற வண்டி அது. தான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை.

போன ஜூலையில் ஒரு நாள் காலை, நடவு வேலைக்குப் போகிற பூமாலை போனும் கையுமாக வந்து நின்றாள். மகள் சித்ராவின் நர்சிங் காலேஜ் பணத்தை, துபாயில் இருக்கும் மகன் தென்னரசு காயினாக அனுப்பியிருந்தான். அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் கட்டாவிட்டால் சீட்டு போய்விடும்.

"பாப்பா, துட்டு போன்ல கண்ணுக்குத் தெரியுது. விக்க அனுப்புனா போவ மாட்டேங்குது. ரெண்டு நாளா ஒரே பேஜாரு. எவனோ முழுங்கிட்டான்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

கலையரசி போனை வாங்கிப் பார்த்தாள். ஒன்றுக்கு ஒரு டாலர் என்று விலை மாறாமல் நிற்கிற டாலர் காயின் அப்படியே இருந்தது.

"யக்கா, இதுகூட குட்டிக் காயின் ஒண்ணு அனுப்பியிருப்பாரே உங்க புள்ள?"

"ஆமா, முந்நூறு ரூபா பெறும். இந்தச் சில்லறை எதுக்குன்னு அதை மொதல்ல வித்துட்டேன்."

வேறு ஆளாக இருந்தால் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி மிரட்டியிருப்பான். கலையரசி கேட்டாள்: "வூட்ல அரிசிப் பானையை வழிச்சுத் தொடைப்பீங்களாக்கா?"

"அய்ய! ஒரு பிடியாவது உடணும். இல்லனா குடும்பம் வெளங்குமா?"

"இதுவும் அப்படித்தான். டாலர் காயின் போற வழியில கூலி கேப்பாங்க. அதை டாலர்ல வாங்க மாட்டாங்க, அந்தக் குட்டிக் காயின்லதான் வாங்குவாங்க. யாரும் முழுங்கல. நீங்க பானையைத் தொடச்சிட்டீங்க, அவ்ளோதான்."

பூமாலை தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். துபாய்க்குப் போன் போனது. கொஞ்சம் குட்டிக் காயின் வந்தது. முழுத்தொகையையும் ஒரே தடவையாக அனுப்பி விற்றார்கள். வழிக்கூலி இவ்வளவு, விற்றதற்குக் கட்டணம் இவ்வளவு, அரசாங்கம் பிடித்த வரி இவ்வளவு என்று கலையரசி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மூன்று மணிக்குப் பணம் கட்டியாயிற்று.

ரசீதைக் காட்டப் பூமாலை திரும்பி வந்தபோது, ரிட்டையர்டு ஆபீசர் ராஜ்குமார் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஃபிராடும்மா! என் காயினைப் பூட்டி வெச்சிட்டானுங்க!"

கலையரசி வாயைத் திறக்குமுன் பூமாலை நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சார், கோவப்படாதீங்க. பானையில ஒரு பிடி உட்டீங்களா?"

அவர் புரியாமல் போனை நீட்டினார்; அதிலும் குட்டிக் காயின் இல்லை. அவள் ஆதியோடு அந்தமாக எடுத்துச் சொன்னாள். தடவைக்கு ஒரு கூலி, அதை எந்தக் காயினில் வாங்குவார்கள், வரி எங்கே பிடிப்பார்கள், ஒன்றும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவள் சொல்லச் சொல்ல ஆபீசர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கலையரசிக்குத் திருத்த ஒன்றுமே இல்லை. எழுந்து போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தாள்.