ஹெர்பர்ட்டின் நாற்காலி

இது நடந்தது. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசனை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் அதெல்லாம் கிடையாது. ஒரு இரும்பு மடக்கு நாற்காலி இருக்கிறது, அவ்வளவுதான்.

டோரீன் கதை கட்டுகிறவள் இல்லை. அல்சூரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். பயந்து வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்புவதுதான் அவளுக்கு வேலை. அப்படிப்பட்டவள் இதை என்னிடம் சொன்னபோது டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

மர்பி டவுன் சர்ச் ஹாலில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர், எலெக்ட்ரீஷியன், ஐ.டி. கம்பெனி ஆட்கள். மாலையில் கூடிப் பாடுவார்கள், சண்டை போடுவார்கள், வருஷத்துக்கு ஒரு பாட்டு நாடகம் போடுவார்கள். நடத்துகிறவர் கிளெமென்ட். ரிட்டயர் ஆனவர், கோபக்காரர். அந்த வருஷம் டிசம்பரில் போட ‘பேழை’ என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். நோவா கதைதான். ஆனால் நம் ஊர் ஏரி உடைந்து வெள்ளம் வருகிற மாதிரி மாற்றியிருந்தார். அதற்கு முன்னால் சில சனிக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் இலவசமாகப் பாடிக் காட்டுவது, அங்கே நன்றாகப் பாடுகிற குழந்தைகளை யானை, குரங்கு வேஷத்துக்குச் சேர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. குரங்கு வேஷத்துக்கு அடிதடியே நடக்கும்.

கிளெமென்டிடம் ஒரு சட்டம் உண்டு. குழுவில் யாராவது வரவில்லையென்றால் அவர் நிற்கிற இடத்தில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட வேண்டும். ஒத்திகையாக இருந்தாலும் சரி, மேடையாக இருந்தாலும் சரி, இடம் சும்மா காலியாக இருக்கக் கூடாது. தாமதமாக வருகிறவர் தன் கையால்தான் அதை மடக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். மற்றவர்கள் தொடக் கூடாது. ஏன் சார் என்று கேட்டால், “கேள்வி கேக்கறவங்க வீட்டுக்குப் போலாம்” என்பார்.

அந்த நாற்காலி அதிகமாக விழுந்தது ஹெர்பர்ட்டின் இடத்தில்தான். டோரீனின் தம்பி. இருபத்து நாலு வயசு, கட்டைக்குரல், தங்கமான பிள்ளை. ஆனால் எதற்கும் நேரத்துக்கு வரமாட்டான். அம்மா போனபோது அவன் நாலாம் வகுப்பு. சோறு ஊட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு வளர்த்தவள் டோரீன். அவளுக்கு இந்த உலகத்தில் ரத்த சொந்தம் என்று சொல்ல அவன் ஒருத்தன்தான். அவன் பாடும்போது இடது குதிகால் தானாகத் தாளம் போடும். அந்தத் தட்டல் பக்கத்தில் கேட்டால்தான் அவளுக்கு மேடையில் பயம் போகும்.

“இன்னொரு தடவை லேட்டா வந்தா டிசம்பர்ல அவன் கிடையாது” என்று கிளெமென்ட் எச்சரித்திருந்தார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில், தொழிலாளர் குடியிருப்பில், ஷீட் கூரை போட்ட ஒரு சமுதாயக் கூடம். வெளியே அடித்து ஊற்றுகிற மழை. குழந்தைகள் தரையில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், ஹெர்பர்ட்டைத் தவிர. அல்சூரில் மொபைல் கடையில் அவனுக்கு அரைநாள் வேலை. பைக்கில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். போனை எடுக்கவில்லை.

டோரீனுக்குப் பின்னால் அவன் இடத்தில் நாற்காலி விரித்துக் கிடந்தது. கிளெமென்ட் வெளியே ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை.

சட்டென்று நாற்காலியை மடக்கினாள். டக்.

சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றுகொண்டாள். கிளெமென்ட் உள்ளே வந்தார்.

“எங்க உன் தம்பி?”

“வந்துட்டான் சார். பாத்ரூம் போயிருக்கான்.”

அவர் சுவரில் சாய்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு முன்னால் போய் நின்றார்.

சரியாக நாலு இருபதுக்குக் கரண்ட் போனது. மழை இருட்டில் முகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. “பரவால்ல, பாடுங்க” என்றார் கிளெமென்ட். பேழையின் கதவு மூடப்போகும்போது வருகிற பாட்டு அது. பெண்கள் தொடங்கினார்கள்.

*கதவை மூடாதே, கதவை மூடாதே,*
*இன்னும் ஒருவன் வருகிறான்…*

இதற்குக் கட்டைக்குரல் பதில் சொல்ல வேண்டும். டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அசிங்கமாகப் போகிறது என்று நினைத்தாள்.

பின்னால் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம்.

*வந்தேன், வந்தேன், எனக்கொரு இடம் கொடு…*

அப்பாடா! வந்துவிட்டான் கழுதை. அவளுக்கு அழுகையே வந்தது. தலையைத் திருப்பாமல், “எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்று முணுமுணுத்தாள்.

பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

இரண்டாவது சுற்று வந்தது. குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கனமாக இருந்தது, வயசான குரல் மாதிரி. ‘கொடு’ என்ற இடத்தில் கிளெமென்ட் சொல்லிக்கொடுத்த அளவோடு நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போனது.

ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. குதிகால் தட்டவில்லை.

காலில் ஏதோ ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். பின்னாலிருந்து தண்ணீர் ஊர்ந்து அவள் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூரை அங்கே ஒழுகவில்லை.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண். ரக்ஷிதா என்று பெயர், ஏழு வயசு. டோரீனுக்குப் பின்னால் கை நீட்டிக் காட்டி உரக்கக் கேட்டது.

“அந்தத் தாத்தா ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாரு?”

டோரீன் மெல்லத் திரும்பினாள்.

ஒரு முதுகு.

ஈரச் சட்டை ஒட்டிய முதுகு. நரைத்த பின்தலை. சுவரைப் பார்த்து நின்றபடி… பாடிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். வாயிலிருந்து பாட்டுதான் வந்தது. நிறுத்த முடியவில்லை.

*இடம் கொடு…*

டக்.

கரண்ட் வந்தது.

அங்கே யாரும் இல்லை. தரையில் தண்ணீர் மட்டும். சுவரில் அவள் சாய்த்து வைத்த நாற்காலியையும் காணோம்.

ஐந்து மணிக்கு ஹெர்பர்ட் நொண்டிக்கொண்டே வந்தான். பேன்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம். கையில் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியின் முதுகில் குழுவின் சிவப்புப் பெயின்ட் குறி.

“அக்கா, இது நம்ம சேர்தானே? ரோட்டுக்கு எப்டி வந்துச்சு?”

டோரீன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் நெளிந்தான். மேம்பாலத்துக்குக் கீழே ரோட்டில் பைக் வழுக்கியதாம். பின்னால் லாரி. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போட்டு, இந்த நாற்காலியில் உட்கார வைத்தாராம்.

“வயசானவர்தான். முகத்தைக் காட்டவே இல்லக்கா, காம்பவுண்ட் பக்கமே திரும்பி நின்னாரு. ‘நீ உக்காரு தம்பி, உன் இடத்துக்கு நான் போறேன்’னாரு. நான் எழுந்து வரப் பாக்கறேன், இடுப்பு அசையல. எதிர்க் கடைல கரண்ட் வந்துச்சு பாரு, அப்பதான் எழுந்திருக்க முடிஞ்சுது.”

கிளெமென்டின் முகம் வெளுத்துவிட்டது. “சேரை மடக்கினது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

டோரீன் ஒத்துக்கொண்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. அவளைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போனார்.

“சந்தானம்னு ஒருத்தர்மா. நம்ம குழுவோட முதல் கட்டைக்குரல். நீயெல்லாம் அப்ப வரல. இதே ரோட்லதான் வந்துட்டிருந்தாரு, மழைதான். அவரு இடம் காலியாவே இருந்துச்சு, நாங்க பாடினோம். அவரு குரல் கேட்டுச்சு. எல்லாருமே கேட்டோம். பாட்டு முடிஞ்சப்புறம்தான் ஆள் போயிட்டாருன்னு போன் வந்துச்சு. சுவத்தைப் பாத்து ஒருக்களிச்சுக் கிடந்தாராம். அன்னையிலருந்துதான் இந்தச் சேர். காலியா விட்டா அவரு வந்துடறாரு.”

“தம்பியக் காப்பாத்தத்தானே சார் செஞ்சிருக்காரு?”

“அவருக்கு இடம் வேணும்மா. யார் இடமானாலும் சரி” என்றார் கிளெமென்ட்.

அதற்கப்புறம் டோரீன் ஹெர்பர்ட்டைப் பைக்கைத் தொட விடவில்லை. அவனைப் பஸ்ஸில் கையோடு கூட்டிப்போய்க் கையோடு கூட்டி வந்தாள். “சின்னப் புள்ளையா நானு?” என்று அவன் குதிப்பான். குதித்தால் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிசம்பரில் நாடகம். வாடகை அரங்கம் நிறைந்துவிட்டது. குழந்தைகள் யானையும் குரங்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ரக்ஷிதாவுக்குக் குரங்கு வேஷம், அடம்பிடித்து வாங்கியது. டோரீன் ஒரு காரியம் செய்தாள். திரைக்குப் பின்னால், மேடை ஓரத்தில், அதே நாற்காலியை விரித்துப் போட்டாள். சந்தானம் வரவில்லை, இது அவருடைய இடம் என்று அர்த்தம். இடம் கொடுத்துவிட்டால் தம்பியை விட்டுவிடுவார் அல்லவா? மாதாவே, அவரை ஒத்துக்க வை என்று வேண்டிக்கொண்டாள்.

கடைசிப் பாட்டில் கதவு மூடுகிற காட்சி. அப்போது மேடை முழுக்க இருட்டாகும். இருட்டுவதற்கு முன்பே அவள் கை நீட்டிப் பக்கத்தில் நின்ற தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டில் எல்லாரும் நகர்ந்து வரிசை மாற வேண்டும். யாரோ நடுவில் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு நொடி பிடி நழுவியது. துழாவினாள். கிடைத்தது. இறுக்கிப் பிடித்தாள்.

*எனக்கொரு இடம் கொடு…*

குரல் பக்கத்திலேயே கேட்டது. அவள் விடவே இல்லை.

விளக்கு வந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. பக்கத்தில் ஹெர்பர்ட் நின்றிருந்தான். முழுசாக, உயிரோடு. அவள் சிரித்தாள், அழுதாள், அவன் கையை விடாமலே ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழி முழுக்க அந்தக் கை சூடாகவே இல்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஹெர்பர்ட் திருந்திவிட்டான். ஒரு நாள்கூடத் தாமதமில்லை. அடுத்த நாடகத்தின் ஒத்திகைக்கு முதல் ஆளாக வருகிறான். எல்லாரும் மெச்சுகிறார்கள். அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். அவனுடைய துண்டு மட்டும் எப்போது தொட்டாலும் ஈரமாக இருக்கிறது.

பிப்ரவரியில் மறுபடி ஹெப்பகோடிக்குப் போனார்கள். தலைவலி என்று ஹெர்பர்ட் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டான். குழந்தைகளுக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது ரக்ஷிதா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“ஆண்ட்டி, ஹெர்பர்ட் அண்ணா மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவமா? எனக்கென்ன கோவம்?”

“நாடகத்தன்னைக்கு லாஸ்ட் பாட்ல நான் திரைக்குப் பின்னாடிதான் நின்னேன். அண்ணா அங்க சேர்ல உக்காந்து அழுதாரே… எழுந்திருக்க முடியல, எழுந்திருக்க முடியலன்னு. அக்கா, அக்கான்னு கூப்டுட்டே இருந்தாரு. நீங்க திரும்பவே இல்ல. அந்தத் தாத்தா கையப் புடிச்சிட்டுப் போயிட்டீங்க.”

டோரீன் அன்று எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே பாட்டு கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

அவன் சுவரைப் பார்த்து நின்று பாடிக்கொண்டிருந்தான். ‘கொடு’ என்ற இடத்தை இழுத்து… இழுத்து… குதிகால் அசையவே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு டோரீன் என் முகத்தையே பார்த்தாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். மர்பி டவுன் ஹாலுக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம். மூலையில் அந்த இரும்பு நாற்காலி விரித்தபடியே கிடக்கிறது. பெருக்க வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறார்கள். தாமதமாக வருகிறவன் தன் கையால்தான் மடக்க வேண்டும் என்று, டோரீன் யாரையும் அதைத் தொட விடுவதில்லை.