ஒற்றைப்படை எண்களைக் காணோம்

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தீட்டித் தரும் பட்டறையில் கடைசி மேசை அவளுடையது. தயாரான கண்ணாடியின் பவரைக் கருவியில் அளந்து, கம்ப்யூட்டர் திரையில் இருப்பதோடு ஒத்துப்போனால் அனுப்பிவைப்பாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி. எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பதால் அவளுக்கு அங்கே ‘ஏனக்கா’ என்றே பெயர்.

புதிதாகத் திறந்த ஒரு கடையிலிருந்து வினை வந்தது. அங்கே போன கண்ணாடிகள் ஆள் மாறிப் போயின.

“பஸ் ஓட்டுறவருக்குப் புத்தகம் படிக்கிற கண்ணாடி போயிருக்கு. கடைசியா பார்த்து அனுப்புனது நீங்கதானே?” என்றார் மேற்பார்வையாளர்.

“திரையில இருந்த பவர்தான் சார் கண்ணாடியிலயும் இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி மாறும்? கால் முளைச்சுச்சா?”

பழி தன் தலையில் விழுந்ததைவிட, எப்படி மாறியது என்பதுதான் அவளை அரித்தது. ஒவ்வொரு கண்ணாடியும் வரும் தட்டில், அதற்கான பதினாறு இலக்க எண் அச்சிட்ட சீட்டு ஒன்று இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் அந்த எண்ணுக்குரியவரின் பவர் திரையில் வரும். அவ்வளவு நீள எண்ணை யாரும் வாசிப்பதில்லை. மறுநாள் முதல் அவள் வாசித்தாள். சீட்டில் இருந்த எண்ணையும் திரையில் வந்த எண்ணையும் அருகருகே எழுதினாள்.

மூன்றாம் நாள் பேனாவைக் கீழே வைத்தாள். புதுக் கடையின் எண்களில், திரையில் ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. 115, 116, 117 என்று முடிந்த மூன்று சீட்டுகளுக்கும் 116 என்றே வந்திருந்தது. 118 மட்டும் தனியாக, சரியாக இருந்தது. மறுபடி 119, 120, 121 மூன்றும் 120. பழைய கடைகளின் எண்களில் இந்தக் கூத்து இல்லை.

நோட்டோடு மாடியேறி, புரோகிராம் எழுதுபவரிடம் போனாள்.

“சீட்டு அச்சுல தப்பு இருக்கும்க்கா.”

“நீங்களே அடிச்சுப் பாருங்களேன்.”

9312004500000117 என்று அடித்தார். கடைசியில் 116 வந்து நின்றது. மறுபடி அடித்தார். அதே 116. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எண்ணை வைக்க மெஷின்ல இருக்கிற இடம் இவ்வளவுதான்னு ஒரு கணக்கு இருக்குக்கா. தொண்ணூறு கோடி கோடி வரைக்கும் ஒண்ணொண்ணாப் போகும். அதைத் தாண்டினா ரெண்டு ரெண்டாத்தான் போகும். நடுவுல உள்ள ஒற்றைப்படையை, பக்கத்துல நாலால வகுபடுற எண்ணுக்குத் தள்ளிடும். பழைய கடை நம்பரெல்லாம் அதுக்குக் கீழ. புதுக் கடைதான் தொண்ணூத்திமூணுல ஆரம்பிக்குது.”

“அப்போ தீட்டுற இடத்துலயும் இதே திரைதான். மூணு பேருக்கும் 116-ஓட பவர்ல தீட்டியிருக்காங்க. நான் அளந்தா ஒத்துப்போகாம என்ன செய்யும்?”

“ஆமாக்கா. இதை எண்ணா வெச்சது என் தப்பு. கூட்டவா கழிக்கவா போறோம்? பேரு மாதிரி எழுத்தா வெச்சிருக்கணும்.”

மதியத்துக்குள் மாற்றிவிட்டார். மேற்பார்வையாளரிடம் தானே போய்த் தன் தவறைச் சொன்னார். புதுக் கடைக்குப் போன கண்ணாடிகள் எல்லாம் திரும்பி வந்து, ஒற்றைப்படை எண்ணுக்குரியவை புதிதாகத் தீட்டப்பட்டன. பஸ் ஓட்டுநரின் கண்ணாடியை அவளே இரண்டு முறை அளந்து அனுப்பினாள்.

அதை மாடியில் சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது பாதியில் நின்று, திரும்பி மேலே ஏறினாள்.

“இன்னும் பெரிய எண்ணா இருந்தா?”

“நாலு நாலாத் தாவும்க்கா.”

“அதுக்கும் மேல?”

அவர் சிரித்தபடி பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க, அடிச்சே பார்த்துடலாம்.”