ஐந்து மாதமாக மூன்று நாள் இருமல்

நாற்பத்தாறு வயது மனிதன் ஒருவனின் கீழுதடு ஐந்து மாதமாக ஆறவில்லை. இந்தச் செய்தி ஒரு பெரிய மருத்துவமனையில் நான்கு முறை எழுதப்பட்டது, ஒருமுறைகூடப் படிக்கப்படவில்லை. கடைசியில் அதைப் படித்தவள், அந்த மருத்துவமனையின் வாசலைக்கூட மிதிக்காத ஒரு பெண்.

நோய்களுக்கு எண் போடுவது அவள் வேலை. டாக்டர் எழுதிய குறிப்பைக் கணினியில் படித்து, தலையணை கனத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து அந்த நோய்க்குரிய எண்ணை எடுத்துப் போடவேண்டும். எண் விழாமல் காப்பீட்டுக் கம்பெனிக்கு பில் போகாது. தரைக்கல் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். கணினிகள் சூடாகக்கூடாது என்று ஏ.சி.யைப் பிணவறைக் குளிரில் வைத்திருப்பார்கள். மனிதர்கள் விறைத்துப்போனால் பரவாயில்லை. எல்லோருக்கும் உதடு வெடித்திருக்கும். ஒரு வாஸ்லின் டப்பா மேசைக்கு மேசை கைமாறிக்கொண்டே இருக்கும்.

அவளை அங்கே ‘கேள்விக்காரி’ என்பார்கள். விலங்கியல் படித்தவள். அதற்குமுன் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினாள். தாளாளர் மகனின் வெற்றுத்தாளுக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, “எந்தப் பதிலுக்கு சார்?” என்று கேட்டாள். அடுத்த மாதம் வீட்டில் இருந்தாள். அந்தக் கேள்வியை இங்கேயும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். குறிப்பு புரியாவிட்டால் டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. அதற்குப் பெயர் குவெரி. விதியைச் சுவரில் ஒட்டுவதற்கென்றே வைத்திருந்தார்கள். பயன்படுத்தியவள் இவள் ஒருத்திதான்.

அந்த மனிதனின் சார்ட், அதாவது சிகிச்சைக் குறிப்பேடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் திரைக்கு வந்தது. பெயரை மறைத்திருந்தார்கள். தொழில்: சாலையில் தார் போடுபவர். நான்காவது வருகை. டாக்டர் எழுதியிருந்தார்: “உதடு வறண்டு வெடித்துள்ளது. களிம்பு தடவவும். நிறையத் தண்ணீர் குடிக்கவும். எடை அறுபத்தெட்டு. மூன்று நாளாக இருமல்.”

உதடு வறட்சி, வெடிப்பு, உதட்டு அழற்சி எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்: கே 13.0. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். மற்றவர்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். இவள் பழைய வருகைகளைத் திறந்தாள். மூன்றாவது வருகையிலும் அதே வரிகள். இரண்டாவதிலும் அதே. முதலாவதிலும் அதே. ஐந்து மாதமாக அந்த மனிதனுக்கு மூன்று நாளாக இருமல்! படித்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் குழாய் மாட்டிய ஒருவர், முதல் நாள் எழுதியதை அடுத்தடுத்த வருகைகளில் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். குழந்தைகூட வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும்போது தேதியை மாற்றும்.

கீழே, யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில், நர்ஸின் குறிப்புகள் இருந்தன. முதல் முறை: “கீழுதடு இடப்பக்கம் வெடிப்பு.” இரண்டாம் முறை: “அதே இடம். ஆறவில்லை.” மூன்றாம் முறை: “வெள்ளைத் திட்டு. தொட்டால் கெட்டியாக இருக்கிறது.” நான்காம் முறை: “ரத்தம் கசிகிறது. டாக்டரிடம் சொன்னேன்.”

வருடக்கணக்காக வெயிலில் வேலைசெய்பவனின் கீழுதட்டில் ஆறாத கெட்டிப் புண் என்னவாக இருக்கலாம் என்று விலங்கியல் படித்தவளுக்குத் தெரியும். ஆனால் நர்ஸின் வார்த்தைக்கு எண் போடக்கூடாது. டாக்டர் எழுதியதற்கு மட்டும்தான். குவெரியிலும் “புற்றுநோயா?” என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடாது; டாக்டருக்கு விடை எடுத்துக்கொடுத்ததாகிவிடுமாம். உண்மையைத் தொட்டுப் பார்த்தவளின் பேச்சு செல்லாது. தொடாதவரின் கையெழுத்து வேதவாக்கு.

விதிப்படியே எழுதினாள்: “இடப்பக்கக் கீழுதட்டில் கெட்டிப்பும் ரத்தக் கசிவும் நர்ஸ் குறிப்பில் உள்ளன. தாங்கள் பரிசோதித்ததைத் தெளிவுபடுத்தவும்.”

முப்பதே நொடியில் பதில் வந்தது: “உதடு வறட்சி.” மீண்டும் கேட்டாள். இந்த முறை இருபது நொடி.

டீம் லீடர் எழுந்து வந்தார். மணிக்கு எத்தனை சார்ட் என்று எண்ணிக்கொண்டே இருப்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அவளைவிடப் பத்து வயது சின்னவர். காரியம் ஆகவேண்டுமானால் அக்கா, கோபம் வந்தால் மேடம்.

“என்னக்கா, ஒரு உதட்டுக்கு ரெண்டு குவெரியா?”

“புண்ணு ஆறலை சார். நர்ஸ் எழுதியிருக்காங்க.”

“நர்ஸ் எழுதினா நமக்கென்ன? டாக்டரே வறட்சின்னு சொல்லிட்டார்ல?”

“பார்க்காம சொல்லிட்டார்.”

“பார்த்தாரா இல்லையான்னு பார்க்கவா நமக்குச் சம்பளம்? மேடம், கே பதிமூணைப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க. இந்த மாசம் உங்க எண்ணிக்கைதான் கடைசி.”

பக்கத்து மேசைக்காரி டப்பாவை நீட்டினாள். “இந்தாக்கா, தடவிக்க. ஊர் உதட்டுக்காக உன் உதடு வெடிக்குது.”

சாயங்காலம் அவள் அந்த சார்ட்டை முடிக்காமலே கிளம்பினாள்.

வீட்டில் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாரோ கண்ணு வச்சிருப்பாங்க. சும்மாவா வாய்ல புண்ணு வரும்?” என்றார்.

“கண்ணு வைக்கணும்கிறதுதான் அத்தை நானும் சொல்றேன். அந்த டாக்டரு ஒரு தடவை வச்சிருந்தாப் போதும்.”

மாமியாராவது பள்ளிக்கூடம் போகாதவர், கண்ணேறை நம்பினார். டாக்டர் தன் பழைய எழுத்தை நம்பினார். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். ஒன்றுக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கை கழுவிக்கொண்டே சொன்னார்: “லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு ஆறு மாசம் எழுதிக் குடுத்தாலும் ஒருத்தன் திரும்பிப் பார்க்கமாட்டான். நிறுத்திப் போட்டுப் பாரு. மொட்டைமாடியிலேர்ந்து ஓடி வருவான்.”

“சார்ட்டை நிறுத்தணும்னா காரணம் வேணும்ங்க. நர்ஸ் குறிப்பு காரணம் ஆகாது.”

“அப்ப டாக்டர் குறிப்பிலேயே பாரு. அவ்வளவு சுத்தமாவா எழுதியிருப்பார்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல்!

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த சார்ட்டை ‘நிறுத்தம்’ என்று குறித்தாள். காரணம்: “மருத்துவர் குறிப்பு முரண்படுகிறது. ஐந்து மாதத்தில் நான்கு வருகையிலும் இருமல் ‘மூன்று நாளாக’, எடையும் மாறவில்லை. நோயாளியை நேரில் பார்த்து எழுதியதற்கு அடையாளம் இல்லை.” உதட்டைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

நான்கு முறை கத்திய நர்ஸுக்குத் திறக்காத காது, நின்றுபோன ஒரு பில்லுக்குத் திறந்தது. பதினோரு மணிக்கு மருத்துவமனையின் பில் பிரிவு அழைத்தது. பன்னிரண்டுக்குக் கடிகாரம் வேர்த்துக்கொண்டு வந்தார், அந்தக் குளிரில்.

“என்ன மேடம் இது? பார்க்காமலே பில் போட்டாங்கன்னு காப்பீட்டுக்காரன் நாலு வருகையையும் திருப்பி அடிப்பான். எடுங்க அதை.”

“எடுத்துடறேன் சார். ஐஞ்சு மாசமா மூணு நாள் இருமல் எப்படி வரும்னு மட்டும் யாராவது எழுதிக் குடுங்க.”

யாராலும் எழுத முடியவில்லை. சார்ட் மருத்துவமனையில் அந்த டாக்டரின் துறைத்தலைவரிடம் போனது. அவருக்கும் முதல் கவலை காப்பீட்டுக் கம்பெனிதான். நோயாளியைக் கூப்பிட்டுப் புதிதாகப் பார்த்து எழுதினால் ஆவணம் நேராகிவிடும் என்று முடிவெடுத்தார். ஆக, ஒரு மனிதனின் உதட்டை முதன்முதலாக ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தது ஆவணத்துக்காக. தொட்ட உடனே தெரிந்துவிட்டது. அன்றே சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு அவள் திரைக்கே வந்தது. கீழுதட்டில் புற்றுநோய், சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டுவிட்டது. கழுத்துக்குப் பரவவில்லை. அவளே எண் போட்டாள்: சி 00.1. மருத்துவமனையில் புண்ணை வெட்டி எடுத்துத் தைத்தார்கள்.

மருத்துவமனையின் செய்திமடலில் பழைய டாக்டரின் படம் வந்தது: “ஆரம்பத்திலேயே கண்டறிந்த கூர்மை.” நர்ஸின் படம் வரவில்லை. கேள்விக்காரிக்கு அந்த மாத மதிப்பீட்டில் கடைசி இடம். கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காதவர்களின் கூட்டம் அப்படித்தான் பரிசு கொடுக்கும்.

தையல் பிரித்த நாளின் சார்ட்டும் அவளுக்கே வந்தது. கீழே உருட்டி நர்ஸின் குறிப்பை முதலில் படித்தாள்: “புண் ஆறிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறார். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்.” அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு மேலே போய் டாக்டர் எழுதியதைப் பார்த்தாள். “உதட்டு அறுவைக்குப் பின் நலம். எடை அறுபத்தெட்டு. மூன்று நாளாக இருமல்.”

கடிகாரம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாஸ்லின் டப்பாவை எடுத்து உதட்டில் கொஞ்சம் தடவிக்கொண்டு, புதிய குவெரியைத் திறந்தாள்.