சூசைராஜ் மாமாவும் மலையேறிய கான்டெஸாவும்

அக்காவின் அழைப்பு வந்தபோது நான் துணிக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "லூர்து, மாமா போய்ட்டாருடா" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வியை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "வண்டியிலயா?" என்றேன்.

"இல்லடா, வூட்லதான். காபி குடிச்சிட்டு, செத்த நேரம் படுக்கறேன்னாரு. எழுப்பப் போனா கையி சில்லுனு கீது."

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது. கல்வராயன் மலையின் ஏதோ ஒரு வளைவில் மாமாவின் நெஞ்சு நின்று, அக்காவோடு அந்த வண்டி பள்ளத்தில் உருளும் என்று எத்தனையோ நாள் பயந்திருக்கிறேன். அப்படி நடக்கவில்லை. தம் கட்டிலில், அக்கா போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதுதான் அழுதேன்.

சூசைராஜ் மாமா என் அக்கா புஷ்பத்தின் கணவர். நம் ஊரில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போயிருப்பீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர் அவர். முன்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் வாய் தெரியும். ஒருமுறை எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் "டிரைவரே, இன்னாங்க இவ்ளோ மெதுவா?" என்று கேட்டார். மாமா திரும்பாமலே, "எறங்கிப் போய் மேல நில்லுங்க, வந்து ஏத்திக்கறேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது, கேட்டவர் உட்பட.

அத்தனை வருஷம் மலைக்கு வண்டி ஓட்டியவர், அக்காவை ஒருநாள்கூட அங்கே கூட்டிப் போனதில்லை. டியூட்டியில் இருக்கும்போது பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள அவருக்கு வெட்கம். லீவு நாளில் மலைப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பிடிக்காது. ஓய்வு பெற்றதும் அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஒரு பழைய கான்டெஸா காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். நீண்ட மூக்கு, அகலமான உடம்பு, நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். "இதுல உன்ன வெள்ளிமலைக்கு இட்டுகினு போறேன் பாரு" என்றார். அக்கா அந்த வண்டிக்கு வைத்த பெயர் சக்களத்தி.

சக்களத்திக்கு வயதாகியிருந்தது. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஜம்மென்று போகும். நாலு பேர் ஏறி ஒரு பாலம் வந்தால் மூச்சு வாங்கும். இதற்கிடையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். அக்கா கேட்கவில்லை. வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று நின்றாள். புதுச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். நான் அக்கா பக்கம்.

மாமா ஒரு பந்தயம் வைத்தார். "இன்ஜின தெறந்து சரி பண்றேன். நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. மலை ஏறறப்ப நடுவுல நிக்காம வெள்ளிமலைக்குப் போனா வண்டி வூட்லயே இருக்கும். நின்னா, அன்னிக்கே வித்துடறேன்." அக்கா ஒப்புக்கொண்டாள். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

மாமாவின் சிநேகிதர் பாஷா பாய் இன்ஜின் வேலை செய்பவர். இருவரும் இன்ஜினின் மேல்மூடியான பழைய சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்யும் பட்டறையில் பெரிய வால்வு போட்டு, காற்று போகும் துவாரங்களை அகலமாக்கி, அடிப்பக்கத்தை லேசாகச் சீவித் தந்தார்கள். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கேம்ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் வேகத்துக்கு ஒன்றை எடுத்துவைத்தார். மாமா அதைத் தொடவில்லை. "நூறுல பறக்கறது எனக்கு எதுக்குங்க? நடக்கற வேகத்துல இழுக்கணும். கீழ இழுவை ஜாஸ்தியா, மேல கம்மியா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினார்.

ஹெட்டை பஸ்ஸில் கொண்டுவந்தது நானும் மாமாவும்தான். வழியில் கீறல் படக் கூடாதென்று அக்காவின் பழைய பட்டுப்புடவையில் சுற்றிச் சாக்கில் போட்டிருந்தார். சேலம் பேருந்து நிலையத்தில் இருவர் சேர்ந்து தூக்கமுடியாமல் தூக்குவதைப் பார்த்த ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். சாக்குக்குள் கையை விட்டார். பட்டு தட்டுப்பட்டது. அதற்குள் கனமாக இரும்பு. "எந்தக் கோயில் சிலை?" என்றார். மாமா நிதானமாகப் புடவையை விலக்கிக் காட்டி, "இது எங்க வூட்டு சாமிங்க, இன்னும் பிரதிஷ்டை ஆவல" என்றார். போலீஸ்காரரே ஒரு பக்கம் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பந்தய நாள் வந்தது. நம் வழக்கப்படி கோயில் வளாகத்தில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். மாமா, பாஷா பாய், அக்கா, நான் நால்வரும் கிளம்பினோம். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம்வரை இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. அங்கே டீக்கு நிறுத்தி, எண்ணெய் கசிகிறதா என்று பாஷா பாய் பானெட்டைத் திறந்து பார்த்தார். மூடாமலே டீ குடிக்க வந்தார். அக்கா டீ வேண்டாமென்று வண்டியருகிலேயே நின்றாள்.

மலை ஏறத் தொடங்கி இரண்டாவது வளைவில் வண்டி குலுங்கியது. விக்கியது, டப் டப்பென்று வெடித்தது, நின்றுவிட்டது. மாமா மறுபடி கிளப்பினார். உறுமிப் பார்த்துவிட்டு மறுபடி நின்றது. பாஷா பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேம் ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டனா இன்னான்னு தெரியலண்ணே. கீழ எடுத்துனு போய் தெறந்துதான் பாக்கணும்" என்றார்.

மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கோபம் இல்லை. "சரி புஷ்பம். அந்த புதுச்சேரிக்காரருக்கு நீயே போன் பண்ணிடு" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

அவள் மடியிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பாய், தண்ணி பட்டா இன்ஜின் நிக்குமா?" என்று கேட்டாள்.

"எங்க பட்டா?"

"மேலதான். ஃபாதர் நாலு சொட்டு தெளிச்சாரு. மலைக்கு அது பத்தாதேன்னு, நீங்க டீ குடிக்கறப்ப பாட்டில்ல இருந்த தீர்த்தத்த எல்லாம் ஊத்திட்டேன்."

பாஷா பாய் குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தார். தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம். பாரம் ஏறியதும் பொறி வழி தவறியிருக்கிறது. ஹெட்டில் குறையில்லை, கேமிலும் குறையில்லை. பாய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா சிரித்த சிரிப்பில் காரே ஆடியது.

அக்கா இறங்கி வந்து மூடியைக் கையில் வாங்கி, முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்துக் கொடுத்தாள். "நின்னது என்னால. அத்த கணக்குல சேக்காதீங்க. எடுங்க வண்டிய" என்றாள்.

அதன்பின் கான்டெஸா ஏறிய ஏற்றத்தை என்னால் மறக்க முடியாது. நால்வரையும் சுமந்துகொண்டு, நடக்கிற வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் ஒவ்வொரு வளைவையும் இழுத்து ஏறியது. நான் ஜன்னல் வழியே பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பள்ளத்த இன்னாத்துக்கு பாக்கற மச்சான்? ரோட்ட பாரு" என்றார். வெள்ளிமலையில் இறங்கி நின்றோம். அக்கா மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை முறை இருவரும் போய்வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கீழே இருந்து பயந்துகொண்டிருந்தது நான் மட்டுந்தான்.

மாமா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அக்கா சாவியை என் கையில் வைத்தாள். "வெள்ளிமலைக்குப் போவணும். நீ ஓட்டு." கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். அக்கா பையிலிருந்து தீர்த்த பாட்டிலை எடுத்தாள். நான் பதறிப் பானெட்டின் மேல் கையை வைத்தேன்.

"வண்டிக்கு ஒண்ணும் வேணாம்டா, அது போவும். உனக்குத்தான் பயமா கீது. குடி" என்றாள்.

குடித்தேன். மாமாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். இரண்டாவது வளைவில் அதை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, முதல் கியரைப் போட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வண்டி இழுத்தது. பக்கத்தில் அக்கா தூங்கிக்கொண்டு வந்தாள்.