கத்தரீனம்மாவுக்குப் போட்ட நாற்காலி

இந்த ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி மாலைப் பூசைக்காகக் கோயிலுக்குள் கால் வைத்ததும் காடியின் புளிப்பு வாடை அடித்தது. மெழுகுவர்த்தியெல்லாம் இப்போது பேட்டரியில் எரிகிறது, அதற்கு ஏது மணம்? இது சிலிக்கான் பசையின் வாடை. கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பிதுக்கி விடுவார்களே, அதுதான். சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாவின் திருநாள் என்று, அவருடைய சுரூபம் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் ஓரங்களை யாரோ புதிதாக அடைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவன் நான். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஆனால் அந்த வாடை என்னை முதலில் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டுக்கும் இதே வாடைதான். ஜாசின் டவுனுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பாலை உறைய வைக்கும் பால் ஸ்டோரை ஒட்டியே சிற்றாலயம் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. அப்பாவின் சட்டை, எங்கள் தலையணை, கத்தரீனம்மாவின் சுரூபம், எல்லாவற்றிலும் அந்தப் புளிப்பு ஏறியிருக்கும். மோட்சமும் அப்படித்தான் மணக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுரூபம் இரண்டு முழ உயரம். வெள்ளை அங்கி, கறுப்புப் போர்வை, தலையில் முள்முடி, கையில் லீலி மலர். மூக்கு நுனி பெயர்ந்திருக்கும். பல நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் வாழ்ந்தவர், இயேசுவோடு நேருக்கு நேர் பேசியவர் என்று ஞாயிறு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் மனதில் நின்றது வேறு. கொள்ளைநோய் வந்து ஊரே ஓடியபோது, இவர் மட்டும் நோயாளிகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாராம்.

அதனால் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் நோயில் படுத்தாலும் வேலை முடிந்ததும் கத்தரீனம்மாவை அந்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அதில் வைப்பார்கள். நின்ற சுரூபம்தான், ஆனாலும் "அம்மா உக்காந்திருக்காங்க" என்றுதான் சொல்வோம். மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்வரை அங்கேயே இருப்பார். ஒன்று மட்டும் கண்டிப்பு. அம்மாவைத் தனியாக அனுப்பக் கூடாது, கூட ஒரு ஆள் போய் உட்கார வேண்டும்.

பெரும்பாலும் சவரியம்மா அத்தைதான் போவார். உறவில்லை; வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொண்டவர். கையில் ஜெபமாலை, மடியில் வெற்றிலை, வாய் நிறைய ஊர்க்கதை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

"அத்தை, அம்மா என்னையவா பாக்குறாங்க?"

"பாக்குறாங்க, பாக்குறாங்க. கஞ்சியக் குடிக்காம கட்டிலுக்கு அடியில ஊத்துனியே, அதையும் பாத்தாங்க."

அந்தக் கவனிப்பு ருசித்துப்போய், அடுத்த வருஷம் பொய்க் காய்ச்சலில் படுத்தேன். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெந்நி போத்தல நெத்தியில வச்சிருக்கான் கள்ளன்! அம்மாவுக்கு வேற வேலை இல்லையா லா?" என்று சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முனியாண்டி மண்டோர் இந்து. அவருடைய சம்சாரம் படுத்தபோது, ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற அந்த மனிதர் ஆலய வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேதக்காரங்க வீட்டுக்கு மட்டுந்தான் வருவாங்களா?"

"நோவுக்கு வேதம் தெரியுமா மண்டோரே? போயி நாக்காலியத் தொடச்சு வைங்க" என்றார் அத்தை.

திரும்பி வந்தபோது கத்தரீனம்மாவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. யாரும் துடைக்கவில்லை. முள்முடிக்குக் கீழே அந்தச் சிவப்பு ஊறிப்போய் நிலைத்துவிட்டது.

அத்தை காலமானார். பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் தள்ளிவிட்டு வரிசையாக வீடு கட்டினார்கள். நான் அப்போது பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தேன். சுரூபத்தை டவுன் கோயிலுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அங்கே நாலு பேர் குங்குமக் கறையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கறையின் மேல் பெயிண்ட் அடித்தேன், மூக்கை ஒட்டினேன். கண்ணாடி வெட்டி அலுமினியச் சட்டம் போட்டு, நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்தேன். என் கைவேலையை நானே தள்ளி நின்று ரசித்தேன்.

என் மனைவி செல்வி பெட்டியைச் சுற்றி வந்தாள். அவளும் எங்கள் தோட்டத்துப் பெண்தான்.

"என்னாங்க, கதவு எங்க?"

"கதவு எதுக்கு? ஆளாளுக்குத் தொட்டு அழுக்காக்கவா?"

"அப்ப எப்படி வெளிய வருவாங்க?"

"இனிமே எங்க போகப் போறாங்க?" என்றேன் பெருமையாக.

போன வருஷம் செல்விக்கு ஈரலில் கட்டி. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வந்த மறுநாள் காலையில், "கத்தரீனம்மாவக் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள். கட்டில் பக்கத்தில் நாற்காலியும் போடச் சொன்னாள்.

கோயில் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். நல்ல பையன். "கண்ணாடிய உடைக்கணுமே அங்கிள். நெக்ஸ்ட் மீட்டிங்ல கேக்குறேன் லா. ஆன்ட்டிக்கு குரூப்ல பிரேயர் போடச் சொல்றேன்" என்றான்.

ஒரு மத்தியானம் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றேன். ஓரத்தில் கீறினால் போதும், கழன்று வந்துவிடும். செய்தவனுக்குத் தெரியாதா? கோயில் சொத்து என்று கை வரவில்லை. இரண்டு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கைப்பேசியில் கூப்பிய கைகள் வந்துகொண்டே இருந்தன. பெயர் பெயராகச் செல்விக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா வர முடியலன்னா போகட்டும். கூட வர்ற ஆளாச்சும் வரலாம்ல?" என்றாள்.

யாரும் வரவில்லை. நானாவது நாற்காலியில் உட்காரப் போனால், "அது அவங்களுக்கு" என்று தடுத்துவிட்டாள். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அடங்கிவிட்டாள். முகம் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.

கத்தரீனம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவு வைக்காதவன் நான்.

இந்தத் திருநாளில் பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. கத்தரீனம்மா திருச்சபையின் மறைவல்லுநர், பாப்பரசருக்கே புத்தி சொன்னவர் என்றார் சாமியார். நோயாளிகளை வீடு தேடிப் போனவர் என்று திரையில் படம் காட்டினார்கள். பிள்ளைகள் பாடினார்கள், எல்லோரும் கைதட்டினோம். பூசை முடிந்ததும் செயலாளர் என்னைத் தேடி வந்தான்.

"அங்கிள், ஓரமெல்லாம் லூசா இருந்துச்சு. புதுசா அடிச்சிட்டோம். இனி காத்துகூட உள்ள போகாது."

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி" என்றேன்.

கூட்டம் கலைந்தபிறகும் நின்றேன். பால் ஸ்டோர் இல்லை, ஆலயம் இல்லை, அத்தை இல்லை, மண்டோர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாது. அந்தக் குங்குமத்தை நானே மூடிவிட்டேன். செல்வியும் இல்லை. நாற்காலி மட்டும் கட்டில் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. கண்ணாடியில் மூக்கை வைத்து அந்தப் புளிப்பை இழுத்துக்கொண்டேன். சிலிக்கான் காய இரண்டு நாள் பிடிக்கும். காய்ந்துவிட்டால் இந்த வாடையும் இருக்காது.